அண்ணியின் இடது பக்கம்

என் அண்ணி பஸ் டிரைவர். பதினான்காம் நம்பர் வண்டி. டிப்போவில் கிளம்பி, பூங்கா, ஆஸ்பத்திரி, இரண்டு பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி டிப்போவுக்கே வந்து சேரும். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். அதில் ஒரு பூனையின் வாலைக்கூட நசுக்கியதில்லை. இதை நான் சொல்வதைவிட அவளே அதிகம் சொல்வாள். வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், தண்ணீர் கொடுத்த கையோடு பூனை வாலையும் கொடுத்துவிடுவாள்.

என் அண்ணன் அவளுக்கு நேர் எதிர். பள்ளிக்கூடம் ஒன்றில் லேப் உதவியாளன். ஆசிட் பாட்டிலை அசங்காமல் தூக்குவான். சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தால் கை வெடவெடவென்று ஆடும். அண்ணி வேலைக்கு நேர்காணல் போனபோது, "நீங்க பஸ் ஓட்டறதப் பத்தி உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டார்களாம். "அவர் என்ன சொல்றது? டிக்கெட் எடுத்துட்டுப் பின்னாடி உக்காந்து வரட்டும்" என்றாளாம். அப்போது அவளுக்கு முப்பது வயது. அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்கள்.

நான் அந்த அண்ணனின் தங்கை, அதாவது அண்ணிக்கு நாத்தனார். துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்பார்கள். அதை மட்டும் யாராலும் ஆல்டர் பண்ண முடியவில்லை. நாத்தனாரும் அண்ணியும் என்றால் எலியும் பூனையும் என்று ஊர் எதிர்பார்க்கும். நாங்கள் ஊரை ஏமாற்றிவிட்டோம். சண்டை போடுவோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அண்ணன் நடுவில் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத்தான் பிடிப்போம்.

தட்டு விளையாட்டுக்கு வந்த கதை இதுதான். டிப்போவுக்கு எதிரே பெரிய பூங்கா. நாலு வருஷத்துக்கு முன் பூங்கா ஆபீஸ்காரர்கள் அங்கே ஒன்பது இரும்புக் கம்பங்களை நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் இடுப்புயரத்தில் ஒரு கம்பிக்கூடை, அதற்கு மேல் சுற்றிலும் தொங்குகிற சங்கிலிகள். டிஸ்க் கோல்ஃப் என்று போர்டு வைத்தார்கள். எறிய வேண்டியது சாப்பாட்டுத் தட்டு அளவு பிளாஸ்டிக் தட்டு. சிமெண்ட் சதுரத்தில் நின்று எறிய வேண்டும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும், கடைசியில் சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த எறியில் முடிப்பவர் ஜெயித்தவர். அவ்வளவுதான்.

டிப்போ மெக்கானிக் ஒரு நாள் மூன்று தட்டுகளோடு வந்து அண்ணியைக் கூப்பிட்டான். அண்ணி என்னைக் கூப்பிட்டாள். முதல் நாள் அவள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "வீட்ல தட்டத் தூக்கி எறிஞ்சா பேய் பிடிச்சிருக்கும்பாங்க. இங்க எறிஞ்சா கை தட்டுறாங்கடி."

அதிலிருந்து ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் பூங்காவில். அண்ணிக்கு இரண்டு மணிக்குத்தான் ஷிப்ட். அதனால் யூனிஃபார்ம் பேண்ட்டோடும் நீலச் சட்டையோடும் வந்துவிடுவாள். இரண்டு மூன்று சுற்று ஆடி முடித்து அப்படியே ரோட்டைத் தாண்டி வேலைக்குப் போவாள். அவள் பஸ் ஓட்டுகிற மாதிரியேதான் தட்டும் எறிவாள். தூரம் போகாது, நேராகப் போகும். நான் பேசுகிற மாதிரி எறிவேன். தூரம் போகும், எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. மெக்கானிக் ஆறடி ஆள், தோள் ஒவ்வொன்றும் டயர் மாதிரி. ஆனால் அவன் எறிந்தால் சுற்றிலும் இத்தனை வெட்டவெளி இருக்க, மரத்தைத் தேடிப் போய் அடிக்கும். மரங்களுக்கும் அவனுக்கும் ஏதோ முன்பகை.

அந்தப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை ஊசி விழ இடம் இருக்காது. நடப்பவர்கள், ஓடுபவர்கள், நடப்பதா ஓடுவதா என்று முடிவு செய்யாதவர்கள், நாய்களை இழுப்பவர்கள், நாய்கள் இழுத்துக்கொண்டு போகிறவர்கள், மூன்று சக்கர சைக்கிளில் குழந்தைகள், கூடைக் கம்பத்தில் சாய்ந்து போட்டோ எடுப்பவர்கள். ஒரு தடவை ஏழாவது கூடைக்குள் யாரோ குழந்தையை உட்காரவைத்துப் பிறந்தநாள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் காத்திருந்தோம். நடப்பவர்களுக்கே முதல் உரிமை என்று போர்டில் எழுதியிருக்கிறது, என்ன செய்வது?

அதனால் எங்கள் மூன்று பேருக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் முன்னால் போய்ப் பாதை குறுக்கிடும் இடத்தில் நிற்பார். வழி காலியாக இருந்தால் கையைத் தூக்குவார். கை மேலே போன பிறகுதான் எறியலாம். இன்னொருவர் எறிபவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பக்கவாட்டில் யாராவது வந்தால் "ஆள்!" என்று குரல் கொடுப்பார். ஆள் என்றால் எறியக் கூடாது. நாய் வந்தாலும் ஆள்தான்.

நான் எறியும்போதோ மெக்கானிக் எறியும்போதோ பக்கத்தில் நிற்பவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்பார். அண்ணி எறியும்போது மட்டும் நாங்கள் இடது பக்கம் நிற்போம். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஓடி வந்த ஒருவர் காதோரம் அண்ணியின் தட்டு உரசிக்கொண்டு போனது. அவர் வந்ததும் இடது பக்கம். அப்புறம் ஒரு நாய், அதுவும் இடது பக்கம். குறி பார்க்க ஆரம்பித்தால் அண்ணிக்கு உலகமே மறந்துபோகும் என்று நாங்களே ஒரு பட்டம் கட்டிவிட்டோம். "அக்கா தவத்துல இருக்காங்க, கலைக்காதீங்க" என்பான் மெக்கானிக். அண்ணிக்கும் அதில் பெருமைதான். நாளாக ஆக, "ஆள்" என்று சொல்வதோடு நிற்காமல் அவள் மார்புக்குக் குறுக்கே கையையும் நீட்ட ஆரம்பித்தோம். ரோடு தாண்டும்போது குழந்தையை மறிப்போமே, அந்த மாதிரி. அதையும் சிரித்துக்கொண்டேதான் செய்தோம். நாங்கள் செய்த முட்டாள்தனம் அது. இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த ஞாயிறு ஆறாவது கூடை. மெக்கானிக் முன்னால் போய்க் கையைத் தூக்கிவிட்டுக் கூடைப் பக்கம் திரும்பியிருந்தான். நான் அண்ணியின் இடது பக்கம் நின்றிருந்தேன். அப்போது பார்த்து என் போன் அடித்தது. ஒரு வாடிக்கையாளர். "ஜிப் மாத்தக் குடுத்த பேண்ட் ரெடியா?" ஞாயிற்றுக்கிழமை காலையில் பேண்ட் கேட்கிற ஆளுக்கு என்ன பதில் சொல்வது? நான் இரண்டடி பின்னால் போய்த் திரும்பி நின்று பேசினேன். டொக் என்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், பாதையில் குழந்தை வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். அண்ணியின் தட்டு வண்டியின் துணிக்கூரையில் பட்டுப் புல்லில் கிடக்கிறது. கூரை ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது. உள்ளே நாலைந்து மாதக் குழந்தை. நல்லவேளை, அது தூக்கத்திலிருந்து விழிக்கக்கூட இல்லை. ஒரு சாண் கீழே இறங்கியிருந்தால் முகம்.

"என்னங்க நீங்க, என்னைப் பாத்துட்டுத்தானே எறிஞ்சீங்க?" அந்தப் பெண்ணுக்குக் குரல் நடுங்கியது. "நான் அங்கேருந்தே உங்களைப் பாத்துக்கிட்டு வரேன். நீங்களும் திரும்பிப் பாத்தீங்க. சரி, நிறுத்துவாங்கன்னு நெனச்சு வந்தேன்."

"சத்தியமா பாக்கலம்மா" என்றாள் அண்ணி. மண்டியிட்டு உட்கார்ந்து குழந்தையைப் பார்த்தாள். எழுந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். காவலாளி வந்து நோட்டில் எழுதிக்கொண்டார். இன்னொரு புகார் வந்தால் ஆறாவது கூடையைப் பிடுங்கிவிடுவார்கள் என்றார். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டு, ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தாள். "எங்கேருந்துடி வந்தா அவ?"

"ஆங், வானத்துலேருந்து குதிச்சா" என்றேன் நான். எனக்கு அப்போது கோபம் தலைக்கேறியிருந்தது. "பாத்து எறியத் தெரியாதா உங்களுக்கு? பச்சக் கொழந்த அண்ணி!"

சொல்லிவிட்டுப் பாதையைப் பார்த்தேன். இடது பக்கம் இருக்கிற ரோஜாப் பாத்தியிலிருந்து நாங்கள் நின்ற இடம் வரைக்கும் அறுபது எழுபது அடி இருக்கும். நடுவில் ஒரு செடி கிடையாது, ஒரு மரம் கிடையாது. சிவப்புக் கூரை போட்ட வண்டி அத்தனை தூரமும் வெயிலில் வந்திருக்கிறது. அண்ணி முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அண்ணி ஷிப்டுக்குப் போன பிறகு மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன். அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு தட்டைத் துணியால் துடைத்தான். ஏற்கெனவே பளபளவென்று இருந்த தட்டு.

"என்னடா மறைக்கிற?"

"ஒண்ணுமில்ல சின்னக்கா. அக்கா ஓட்டற பஸ்ஸோட இடது பக்கக் கண்ணாடி... ரெண்டு மாசத்துல நாலு தடவை உரசியிருக்கு. கம்பத்துலயோ, நிக்கற வண்டியிலயோ. அக்காவுக்கே தெரியாது."

"எழுதி வெச்சியா?"

"எழுதினா அக்காவை விசாரிப்பாங்கல்ல? பெயிண்ட் அடிச்சு விட்டுட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கடைசியில் தணிந்த குரலில், "நீங்களும்தானே சின்னக்கா ஒரு வருஷமா 'ஆள் ஆள்'னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க?" என்றான்.

அன்று மத்தியானம் பதினான்காம் நம்பரில் ஏறினேன். அண்ணி பார்த்துவிட்டு, "என்னடி, ஞாயித்துக்கிழமயும் ஊர் சுத்துறியா?" என்றாள். மார்க்கெட்டில் நூல் வாங்க வேண்டும் என்று சொல்லி முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டாப் வரும்போதெல்லாம் அவள் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்துத்தான் வண்டியை ஓரம் கட்டினாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அது அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஸ்டாப்புக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில்தான் பிரச்சினை. ஆஸ்பத்திரி தாண்டி ஒரு சைக்கிள்காரன் எங்களுக்கு இடது பக்கம் வந்தான். பஸ் மெல்ல மெல்ல அவன் பக்கம் சாய்ந்தது. அவன் பிரேக் போட்டு, நடைபாதைக் கல்லில் காலை ஊன்றி நின்று, எங்களைப் பார்த்து ஏதோ கத்தினான். அண்ணி பாட்டுக்கு முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். பின் சீட்டில் யாரோ கொட்டாவி விட்டார்கள். வண்டியில் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். அந்தச் சைக்கிள்காரனையும் என்னையும் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது.

மார்க்கெட்டில் இறங்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நூல் நல்லதாப் பாத்து வாங்கு, போன தடவ வாங்கினது இத்துப்போச்சு" என்றாள். சரி என்று இறங்கிவிட்டேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பின் அண்ணனிடம் தனியாகச் சொன்னேன். அவன் கை கழுவிக்கொண்டே கேட்டான். "போன மாசம்தானே டிப்போல கண் டெஸ்ட் எடுத்தாங்க? கடைசி வரி வரைக்கும் தடதடன்னு படிச்சிருக்கா. நீ சும்மா கிடக்கற சங்க ஊதாத. இன்னும் ஆறு வருஷம். ரிட்டயர் ஆயிடுவா. அந்த வேல இல்லன்னா அவ அவளா இருக்க மாட்டா." கடைசியில் சொன்னதுதான் உண்மை. எனக்கும் அந்தப் பயம்தான். அண்ணியை பஸ் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஞாயிறு வரட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடுவில் ஆறு நாள். ஒரு நாளைக்கு எட்டு சுற்று. அந்த ஆறு நாளும் தையல் மிஷினை மிதித்துக்கொண்டு, ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அப்படியே காலை நிறுத்திவிடுவேன். அந்த வாரம் நான் தைத்த பேண்ட் மூன்று திரும்பி வந்தன. ஒன்றில் இரண்டு காலும் வேறு வேறு நீளம்.

பக்குவமாகச் சொல்வது எனக்குக் கை வந்த கலை அல்ல. அடுத்த ஞாயிறு சொல்லாமலே இரண்டு சுற்று ஆடினேன். ஒரு மணிவாக்கில், கடைசிச் சுற்றின் மூன்றாவது கூடையில் அண்ணி எறிய நின்றாள். மெக்கானிக் முன்னால் போயிருந்தான். சுற்றிலும் யாரும் இல்லை. நான் எப்போதும் போல் இடது பக்கம் நின்றேன். என் கையில் ஆரஞ்சு நிறத் தட்டு. அதைத் தூக்கி, கையை முழுக்க நீட்டி, அவள் தோளுக்குப் பக்கவாட்டில் பிடித்தேன். அவள் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை மெல்ல முன்னால் நகர்த்தினேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் நகர்த்தினேன். கிட்டத்தட்ட அவளுக்கும் கூடைக்கும் நடுவில் தட்டு வந்த பிறகுதான் திடுக்கிட்டுப் பின்னால் போனாள்.

"என்னடி இது விளையாட்டு?"

"அண்ணி, இது எவ்வளவு நேரமா இங்க இருக்கு தெரியுமா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். இடது பக்கம் நிற்பதை, குறுக்கே கை நீட்டுவதை, சைக்கிள்காரனை. பாதி சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன்.

முதலில் சீறினாள். "நீ என்ன டாக்டரா? கடைசி வரி படிச்சவடி நான்!" பிறகு தட்டைக் கீழே போட்டாள். "திரும்பப் பண்ணு" என்றாள்.

வலது பக்கம் போய்த் தட்டைத் தூக்கினேன். நேராகப் பார்த்தபடியே, "தெரியுது" என்றாள் உடனே. இடது பக்கம் வந்தேன். "தூக்கிட்டியா?" என்றாள். தூக்கி வெகுநேரம் ஆகியிருந்தது. "தூக்கிட்டேன் அண்ணி." வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். என்னை முன்னால் வந்து நிற்கச் சொன்னாள். இடது கண்ணால் மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். "உன் மூஞ்சி தெரியுது" என்றாள். "பூங்காவைக் காணோம்டி" என்றாள்.

அவளுக்கு இருந்த வியாதி அப்படித்தான் செய்யுமாம். பிறகு கண் டாக்டர் சொன்னார். வலியில்லாமல் ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும், நடுவில் இருப்பது கடைசிவரை நன்றாகத் தெரியும், ஒரு கண் விட்டதை இன்னொரு கண் ஒப்பேற்றிவிடும். வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது என்றார். எழுத்துப் பலகையை மட்டும் படிக்கச் சொன்னால் ஆள் பாஸ்தான். போனது போனதுதான், திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அது பிறகு. அன்றைக்கு மூன்றாவது கூடைக்குப் பக்கத்தில் அண்ணி கேட்டது ஒரே கேள்விதான். "எத்தன நாளாத் தெரியும்?"

"ஒரு வாரமா."

"அதக் கேக்கல. எத்தன நாளா இந்தப் பக்கம் நிக்கறீங்க?"

"ஒரு வருஷமா" என்றேன்.

மெக்கானிக் ஓடி வந்திருந்தான். அவனும் கண்ணாடி விஷயத்தைச் சொல்லிவிட்டான். அண்ணி அவனை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப நான் வர்றவன் போறவன்கிட்டல்லாம் பீத்திக்கிட்டது உன் பெயிண்ட்டையா தம்பி?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தனை பெரிய ஆள் அன்றைக்கு எவ்வளவோ சின்னதாகத் தெரிந்தான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இங்க ஒரு தட்ட எறியறதுக்கு ரெண்டு பேரு காவல் நின்னீங்க. அங்க நான் அம்பது பேர ஏத்திக்கிட்டுப் போறேன். இடது பக்கம் பள்ளிக்கூடத்துப் பசங்க நிக்கறாங்க. அங்க யாருடி எனக்கு 'ஆள்'னு சொன்னது?"

எனக்கு அவள் மேல் எவ்வளவு பிரியம் என்று அப்போது சொல்ல நினைத்தேன். அந்தப் பிரியம்தான் இவ்வளவையும் செய்தது என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினோம். டிப்போவில் சூப்பர்வைசர் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அண்ணி நின்றபடியே சொன்னாள். "சார், எனக்கு இடது பக்கம் சரியாத் தெரியல. நான் இனிமே வண்டி எடுக்க மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க? டெஸ்ட்ல பாஸ்னு இங்க இருக்கே."

"அது எழுத்து படிக்கற டெஸ்ட் சார். ரோட்ல யாரும் எழுத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதில்ல."

"சரி, நாளைக்கு டாக்டரப் பாருங்க. இன்னிக்கு ரெண்டு பேரு லீவு, மாத்தறதுக்கு ஆள் இல்ல. ரெண்டு மணி ட்ரிப்ப மட்டும் எடுத்துடுங்க. இத்தன வருஷம் ஓட்டினவங்க, ஒரு ட்ரிப்ல என்ன ஆயிடப்போவுது?"

இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணி ஒரு ட்ரிப்பைக்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. காய்ச்சலோடு ஓட்டியிருக்கிறாள். அவள் அம்மா இறந்த செய்தி வந்த அன்றுகூட, வண்டியை டிப்போவில் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் அழுதாள். அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்டு அவளுக்கு ஒரு ஆசை வந்திருக்கும், எனக்குக்கூட வந்தது. இன்னும் ஒரே ஒரு ட்ரிப்.

"மாட்டேன் சார்."

"அப்ப ட்ரிப் கேன்சல்தான். ஜனங்க திட்டுவாங்க."

"திட்டட்டும்" என்றாள்.

வீட்டுக்குத்தான் வருவாள் என்று நினைத்தேன். அவள் நேராக டிப்போ வாசல் ஸ்டாப்புக்குப் போனாள். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். "பதினாலு ரெண்டு மணி வண்டி இன்னிக்கு இல்லீங்க, அடுத்தது மூணே காலுக்கு" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். சிலர் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. கையில் ஆஸ்பத்திரிப் பையும் ஒரு பிளாஸ்கும். அவர் வீட்டம்மா வார்டில் இருக்கிறாளாம், பார்வையாளர் நேரம் மூன்று மணியோடு முடிந்துவிடுமாம்.

"எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமன்னா கொண்டாட்டம்" என்று பொரிந்தார். "எங்க போயிட்டான் அந்த டிரைவர்? தூங்குறானா? அப்படி என்ன கேடு வந்துச்சு அவனுக்கு?"

மெக்கானிக் முன்னால் போனான். நானும் வாயைத் திறந்தேன். அண்ணி எங்கள் இருவரையும் கையால் ஒதுக்கிவிட்டு அவருக்கு நேராக வந்து நின்றாள்.

"நான்தாங்க டிரைவர்" என்றாள். "எனக்குக் கண்ணு தெரியலீங்க."

இதை அவள் அப்படியே முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தைகள் வெளியே வந்த பிறகு அவள் உதடு கட்டுக்கடங்காமல் துடித்தது. பெரியவர் அவள் நீலச் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிளாஸ்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "உக்காரும்மா" என்றார்.

அண்ணி உட்கார்ந்தாள். மடியில் கைகளை வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, வாய் விட்டு அழுதாள்.